நான் அதைத் தொடறதே இல்லம்மா

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது அவர் ஒரு பக்கம் மட்டும்தான் பார்ப்பார். வண்டி வர வேண்டிய பக்கம். அது காலியானதும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். மறுபக்கம் ராங் சைடில் பைக் வரும், ஷேர் ஆட்டோ வரும், சமயத்தில் தண்ணீர் லாரியே ரிவர்ஸில் வரும். அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, ஓர் ஆட்டோ அவர் முழங்காலுக்குச் சாண் தூரத்தில் கிறீச்சிட்டு நிற்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான் ஆட்டோக்காரன்.

"நீ வர்றதுதான்யா தப்பு. இது ஒன்வே" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

"அங்கிள், ஒன்வேயா இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றேன்.

"அந்தப் பக்கம் வண்டி வரக் கூடாதும்மா. வரக் கூடாத பக்கத்தை நான் எதுக்குப் பாக்கணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அதற்குள், "பஸ் வந்துடுச்சு பாரு, ஓடு ஓடு" என்று என்னை விரட்டிவிட்டார். அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. இப்போதும் நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான்.

அவரும் அவர் மனைவியும் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தார்கள். அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த ஸ்டோர்ஸுக்கு ஒரே கதவு, சாவி இவர் இடுப்பில். இவருக்குத் தெரியாமல் ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை என்று ஆன்ட்டி பெருமையாகச் சொல்வார். வீட்டு வாசற்கதவுக்கும் அப்படித்தான். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், நடுவில் ஒரு சங்கிலி, வெளியே இரும்பு கிரில், அதற்கொரு பூட்டு. மாசா மாசம் எண்ணெய் விடுவார். பால்கனிக் கதவு மட்டும் எப்போதும் ஆவென்று திறந்து கிடக்கும். வண்டலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குரங்கு ஒன்று அந்த வழியாக உள்ளே போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, சாமி படத்து மாலையையும் இழுத்துக்கொண்டு போனது.

"பால்கனியைப் பூட்டினா என்ன அங்கிள்?"

"அந்தப் பக்கம் நான் போறதே இல்லம்மா."

இதுதான் மனிதர். தான் புழங்குவதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார். புழங்காதது அவரைப் பொறுத்தவரை இந்த உலகத்திலேயே கிடையாது.

நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்கும் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? பிரிண்டர் மக்கர் பண்ணினால் நான், மௌஸ் நகராவிட்டால் நான். அப்படிப் போய்த்தான் அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மேஜைக்குக் கீழே செங்கல் அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் சிபியூவை ஏற்றி வைத்திருந்தார். இரண்டாவது மாடியில் எதற்கு இந்தச் செங்கல் என்று கேட்டேன். ஆன்ட்டிதான் சமையலறையிலிருந்து, "முடிச்சூர்ல பட்டது போதாதா?" என்றார்.

முடிச்சூரில் அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. அந்த டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து, வீட்டுக்குள் ஆளுயரத்துக்கு நின்றது. படகில் வந்து இவர்களை மீட்டார்கள். திரும்பிப் போனபோது பீரோ கவிழ்ந்து கிடந்தது, உள்ளே ஆல்பங்கள் சேறாகிக் கிடந்தன. ஃப்ரிட்ஜோ கட்டிலோ போனது பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஆல்பத்தில் பாப்பா இருந்தாள். இவர்களுக்கு ஒரே பெண். ஒன்பதாவது வயதில் டெங்கு வந்து போய்விட்டவள். வெள்ளத்துக்குப் பல வருஷம் முன்னால் நடந்தது அது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் முகம் இருந்த ஒரு படமும் அவர்களிடம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். இவர் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, இனி தரைத்தளமே வேண்டாம் என்று இந்த மாடி ஃபிளாட்டுக்கு வந்தார். ஒரு கம்ப்யூட்டரும் கையடக்கமான ஸ்கேனரும் வாங்கினார். அப்புறம் ஞாயிறு தவறாமல் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். கடப்பேரி, சேலையூர், அஸ்தினாபுரம், கூடுவாஞ்சேரி என்று ஒரு வீட்டையும் விடவில்லை. அவர்களுடைய கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம், கிரகப்பிரவேச ஆல்பம் எல்லாவற்றையும் புரட்டுவார். யாருடைய படத்திலாவது ஓர் ஓரத்தில் பாப்பா இருப்பாள். அதை மட்டும் ஸ்கேன் பண்ணி எடுத்துவருவார்.

எனக்குக் காட்டுவார். மேடையில் யாரோ மாப்பிள்ளை, யாரோ பெண், நகையும் பட்டுமாக. மூலையில் ஒரு பாதி முகம், ஐஸ்கிரீம் கரண்டியைக் கடித்துக்கொண்டு. இன்னொன்றில் கிரகப்பிரவேசப் பசுமாடு, அதன் வாலுக்குப் பக்கத்தில் பயந்துபோன இரண்டு கண். இன்னொன்றில் ஊஞ்சலுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவர் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவார். முகம் கட்டம் கட்டமாகச் சிதறத் தொடங்கியதும் பதறிப்போய்ப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்.

"இதான். இங்க பாரு, இதான் அவ."

ஆன்ட்டி அந்த அறைக்குள் வரவே மாட்டார். அங்கிள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். ஒருமுறை நானும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இப்ப வேணாம்மா" என்றார் ஆன்ட்டி, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி. "பாத்தா தாங்க மாட்டேன். அவர் எல்லாத்தையும் சேத்து முடிக்கட்டும். ஒரு நாளைக்கு மனசைக் கல்லாக்கிக்கிட்டு உக்காந்து மொத்தமாப் பாத்துடறேன்."

அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள், 'பாப்பா' என்று பேர் வைத்த ஒரே ஃபோல்டரில் இருந்தது. ஃபோனில் போட மாட்டார், யாருக்கும் அனுப்ப மாட்டார். "ஃபோன்ல போட்டா ஊர் பூரா சுத்தும்மா. அவ குழந்தை" என்பார். ஒரு பென் டிரைவில் நகல் வைத்திருந்தார். அந்தப் பென் டிரைவும் தொலைந்துவிடக் கூடாது என்று சிபியூவின் பின்னாலேயே எந்நேரமும் குத்தி வைத்திருந்தார்.

இப்போது எங்களுக்குள் நடந்த சண்டைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரோடு ஒரு பிரௌசர் வந்திருந்தது. அதை அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ அதில் வைரஸ் நுழைகிற ஓட்டை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே வேறொரு பிரௌசரை இறக்கிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பேர் 'நம்மாளு'. தினமும் காலையில் காப்பி குடித்ததும் நம்மாளைத் திறந்து, புதுசு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் ஏற்றிவிட்டு, பச்சை டிக் வந்த பிறகுதான் பேப்பரைக் கையில் எடுப்பார். பழைய பிரௌசரை டெலிட் பண்ணிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், திரையிலிருந்த அதன் ஐகானை மட்டும் அழித்திருந்தார்.

சிஸ்டத்துக்கு வர வேண்டிய அப்டேட் எதையும் ஏற்றியதே இல்லை. ஏற்று என்று கேட்கும் போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்தி அழுத்திச் சலித்துப்போய், யாரையோ பிடித்து அந்தக் கேள்வியே வராதபடி செய்து வைத்திருந்தார்.

"அங்கிள், இது ரொம்பத் தப்பு. உடனே எல்லாத்தையும் போட்டாகணும்."

"ஏம்மா? ஓட்டை இருக்கறது அந்தப் பிரௌசர்ல. நான் அதைத் தொடறதே இல்லம்மா. நம்மாளுக்குத்தான் டெய்லி போடறேனே."

"நீங்க தொடலைன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தமா? அதோட எஞ்சின் சிஸ்டத்துக்குள்ளயேதான் இருக்கு. நீங்க ஒரு டாக்குமெண்ட் திறக்கறீங்க, ஒரு ஹெல்ப் பக்கம் திறக்கறீங்க, அதெல்லாம் உள்ளுக்குள்ள அதைத்தான் கூப்பிட்டு வேலை வாங்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. நம்மாளு எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அவன் நிக்கற தரை இந்த சிஸ்டம்தானே?"

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "கீழ் வீட்டுப் பையன் லேப்டாப்ல அப்டேட் போட்டு எல்லாம் அழிஞ்சுபோச்சாமே?" என்றார்.

அங்கேதான் விஷயம் இருந்தது. பிரௌசர், எஞ்சின், ஓட்டை எல்லாம் வாய்க்குச் சொல்வது. உள்ளே இருந்தது பயம். கை வைத்தால் பாப்பா கலைந்துவிடுவாள் என்கிற பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் விடாமல் சொன்னேன். முதலில் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் போடலாம், நான் கூடவே உட்காருகிறேன் என்றேன். பொங்கல் முடியட்டும் என்றார். பொங்கல் முடிந்தது. அக்கா பேத்தி கல்யாணம் முடியட்டும் என்றார். கல்யாணத்தில் புதிதாக இரண்டு பேரிடம் பழைய ஆல்பம் இருப்பதாகத் தகவல் கிடைத்தது, அதையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாகச் செய்துவிடலாம் என்றார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். ஆன்ட்டியிடம் முறையிட்டேன்.

"அவர் ஒண்ணைப் பிடிச்சா பிடிச்சதுதாம்மா" என்றார் ஆன்ட்டி. "என்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டிருந்தா, நீ சொல்றதைக் கேப்பார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி கதவைத் தட்டி, "உங்க அங்கிள் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு, கொஞ்சம் வாயேன்" என்றார். மாவுக் கையோடு ஓடினேன்.

போக முடியாத தூரத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மெயில் போட்டு, பழைய விசேஷ ஃபோட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாராம். அன்றைக்குக் காலையில் தெரியாத பேரில் ஒரு மெயில். கல்யாண ஃபோட்டோக்கள் இணைத்திருக்கிறேன் என்று ஒரு டாக்குமெண்ட். யாரோ தூரத்து உறவு என்று நினைத்தாராம். நம்மாளில்தான் மெயிலைப் பார்த்தார், நம்மாளில்தான் இறக்கினார். திறந்தது மட்டும் வெளியே. அந்த டாக்குமெண்ட் உள்ளுக்குள் பழைய பிரௌசரின் எஞ்சினைக் கூப்பிட்டு, அதன் ஓட்டை வழியாக வைரஸை உள்ளே விட்டது. அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் எப்போதோ அடைத்துவிட்டார்கள் அந்த ஓட்டையை. அடைக்கிற அப்டேட் இவர் கம்ப்யூட்டருக்குள் வரவே இல்லை.

'பாப்பா' ஃபோல்டரைத் திறந்தேன். படங்கள் எல்லாவற்றுக்கும் பேருக்குப் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் வாலாக முளைத்திருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. பென் டிரைவிலும் அதே கதி. பணம் கட்டினால் திறந்துவிடுவதாக ஓர் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் நின்றது. ஃபிளாட்டை வித்தாவது கட்டிடறேம்மா என்றார் அவர். அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்கு எழுதிப் பார்த்தோம். அப்படியொரு முகவரியே இல்லை என்று மெயில் திரும்பி வந்தது. எங்கள் கம்பெனியில் இந்த வேலையே பார்க்கிற ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அதை வந்து அவரிடம் சொன்னேன். அவர் யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கும் இப்படித்தாம்மா. வெள்ளம் வருது வருதுன்னு சொன்னாங்க. வாசல்ல மணல் மூட்டை அடுக்கினேன். கதவு இடுக்குல துணி திணிச்சேன். ஒரு சொட்டு உள்ள வரல. நான் வாசலையே பாத்துக்கினு நிக்கறேன். பின்னாடி பாத்ரூம் ஓட்டை வழியா பொங்கி வந்துடுச்சு. திரும்பிப் பாக்கறேன், பீரோ கால் முங்கிடுச்சு."

ஆன்ட்டி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்தார். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தார்.

"எல்லாமேவா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நேத்தாவது பாத்திருக்கலாம்" என்றார் ஆன்ட்டி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் அழுதோம். அங்கிள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் அவரே வந்து கூப்பிட்டார். "எல்லாத்தையும் போடும்மா. எது எது போடணுமோ எல்லாம்." சிஸ்டத்தைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அப்டேட் ஏறுகிறது, அணைக்காதே என்று திரையில் வந்த எழுத்துக்கு முன்னால் காலையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போனது. முடிந்ததும், "இப்ப எல்லாப் பக்கமும் அடைச்சாச்சா?" என்று கேட்டார். அடைச்சாச்சு அங்கிள் என்றேன். காலி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து மறுபடி 'பாப்பா' என்று பேர் வைத்தார். ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த முறை போன இடமெல்லாம் ஆல்பம் இல்லை. கடப்பேரியில் அவர் பெரியப்பா மகன் வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அந்தப் பெரியவருக்கு விஷயம் தெரியாது. வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"அட, நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திகினு போய்ட்டியேப்பா. இனிமே இன்னாத்துக்கு இந்தக் குப்பைன்னு, வூடு இடிச்சுக் கட்டசொல்ல பழைய பேப்பர்காரன் கைல தூக்கிக் குடுத்துட்டோம். ஒரே கரையான். உன்கிட்ட பத்திரமா கீதுல்ல?"

அங்கிள் என்னைப் பார்த்தார். "இருக்குண்ணா" என்றார். சேலையூரிலும் கிட்டத்தட்ட அதே பதில்தான். கூடுவாஞ்சேரியில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மகனோடு வெளிநாடு போயிருந்தார்கள். இவர் பத்திரப்படுத்திவிட்டார் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக அஸ்தினாபுரத்தில் அவருடைய பெரியம்மா மகள். வயதானவர். இந்தத் தடவை ஆன்ட்டி, நானும் வர்றேன் என்று கிளம்பிவிட்டார். சனிக்கிழமை எனக்கு லீவு, மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். அந்த அம்மா அலமாரியைக் குடைந்து, பீரோவைக் குடைந்து, கடைசியில் ஒரு புடவைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்துவந்தார்.

"இது ஒண்ணுதான் தம்பி தப்பிச்சிருக்கு. எங்க கிரகப்பிரவேசச் சாப்பாடு. நீதான் அன்னைக்கு ஓடியாடி பரிமாறினே. இதுல பாப்பா இருக்காளான்னு எனக்குத் தெரியல."

அங்கிள் அதை வாங்கவில்லை. "அதை நான் போன தடவையே பாத்தேங்கா. அதுல அவ மூஞ்சி தெரியாது. அதான் எடுக்கல" என்றார்.

ஆன்ட்டி கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பந்தி நடக்கிறது. நடுவில், சாம்பார் வாளியோடு, குனிந்து நிற்கிறார் அங்கிள். தலைமுடி கறுப்பாக, வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு வாழையிலை, அதன் மேல் நீண்டிருக்கிற ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்.

"அவதான்" என்றார் ஆன்ட்டி. "அப்பளம் கேக்கறா. இந்த வளையலை நான்தான் போட்டுவிட்டேன், பெரிசா இருக்கு, கழண்டுடும்னு அழுதா."

படத்திலிருந்த அவர் முதுகைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் திரும்பாமலேயே, கோபம் இல்லாத குரலில் கேட்டார்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நின்னிருக்கக் கூடாதா நீங்க?"

அறை நடுவில் நின்றுகொண்டிருந்த அவர், யார் மீதோ இடித்துவிட்டவர் போலப் பதறி, சுவரோரமாகத் தள்ளி நின்றார்.